பச்சையை மண்டபத்திலேயே பிடித்து வையுங்கள்

ராமநாதபுரம் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவினருக்கு வணக்கம்.

வண்டிகளைக் கேமராவால் எண்ணி, பச்சை நேரத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் சிக்னல் பெங்களூரு வரை வந்துவிட்டது. நம் பக்கமும் ஒருநாள் வரும். வரட்டும். ஆனால் ராமேஸ்வரம் சாலையில் அதை எங்கே வைப்பது, எதை எண்ணச் சொல்வது என்பதை விற்க வருகிறவர் முடிவு செய்யக் கூடாது.

சிக்னலின் ஒரு சுற்று, அதாவது எல்லாப் பக்கத்துக்கும் ஒருமுறை பச்சை வந்து முடியும் நேரம், எவ்வளவு இருக்கலாம் என்று சொல்ல 1958இல் வெப்ஸ்டர் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் கொடுத்த சூத்திரம் ஒன்று இன்றும் பாடமாக இருக்கிறது. சிக்னல் மாறும்போது சுற்றுக்கு 16 விநாடி வீணாகும் சந்திப்பில், சாலையின் தாங்குதிறனில் 60 சதவீதம் வண்டி வந்தால் ஒரு சுற்று சுமார் 73 விநாடி இருக்கலாம் என்கிறது அது. 90 சதவீதம் வந்தால் 290 விநாடி. 100ஐத் தொட்டால் விடையே கிடையாது. தை அமாவாசையும் ஆடி அமாவாசையும் நமக்கு அந்த 100ஐத் தாண்டிய நாட்கள். புதிய அல்காரிதங்கள் இதைவிடக் கெட்டிக்காரத்தனமானவைதான், ஆனாலும் இல்லாத சாலையை அவை எங்கிருந்து கொண்டுவரும்?

தீவுக்குள் போக 1988இல் திறந்த சாலைப் பாலம் ஒன்றுதான். அதன் மேலேயே வேனை நிறுத்தி ரயில் பாலத்தோடு செல்ஃபி எடுக்கிறவர்கள் வேறு! ராமேஸ்வரத்துக்குள் எவ்வளவு நல்ல சிக்னல் வைத்தாலும் வரிசை பாலத்தில் வந்து நின்றுவிடும். ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆம்புலன்ஸுக்கும், ஐஸ் உருகுமுன் போக வேண்டிய மீன் வண்டிக்கும் அதே பாலம்தான்.

ஆகவே பாலத்துக்கு முன்னால் இருக்கும் மண்டபம் ஊரில், முடிந்தால் அதற்கும் முன்னால் உச்சிப்புளியிலேயே, வண்டிகளைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். பாலத்தில் வேகம் குறைந்தால், நிறுத்தும் இடத்தில் பச்சை நேரம் தானாகச் சுருங்க வேண்டும். சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரம், மையப் பகுதிக்குள் நுழையும் வண்டிகளை இப்படித்தான் வெளியிலேயே சிக்னலால் அளந்து விடுகிறது. நமக்கு ஒரு வசதி கூடுதல்: கூட்டம் எந்த நாளில் வரும் என்று பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது. அதையும் கணினிக்குக் கொடுங்கள். நிறுத்தும் இடத்தில் தண்ணீரும் கழிப்பறையும் வேண்டும், இல்லாவிட்டால் யாரும் நிற்க மாட்டார்கள்.

அப்புறம், அக்னி தீர்த்தம். ஈரத்துணியோடு கோயிலுக்கு நடக்கும் பாட்டி, வண்டி எண்ணும் கேமராவின் கணக்கில் வரமாட்டார். நடப்பவருக்கு விநாடிக்கு 1.2 மீட்டர் என்று போடும் வழக்கமான கணக்கு அவர் காலுக்கு ஒத்துவராது. அங்கே சிக்னலே வேண்டாம். அந்த நாட்களில் வண்டியை நிறுத்திவிட்டாலே போதும்.

டெண்டருக்கு முன், வரும் ஆடி அமாவாசையன்று மண்டபத்தில் கையால் இயக்கும் சிக்னலும், பாலத்தில் வாக்கிடாக்கியோடு இரண்டு காவலரும் வைத்து இதைச் சோதித்துப் பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.