அரைவேக்காட்டுக் கல்

பெரம்பூர், சென்னை

அன்புள்ள முருகேசனுக்கு,

உன் கடிதமும் கல்லும் செவ்வாய்க்கிழமை வந்தன. கடிதத்தைப் பிரிப்பதற்கு முன்பே கல்லைக் கையில் எடுத்துவிட்டேன். பழுப்பு நிறம், உள்ளங்கை அகலம், பார்வைக்குத் தெரியும் கனம் கையில் இல்லை. எஸ்டோனியாவில் படிக்கும் உன் மகள் கொண்டுவந்தது என்று அப்புறம்தான் படித்தேன். "இந்தக் கல் எரியுமாமே, மணலி ரிஃபைனரி லேபில் முப்பது வருஷம் இருந்தவன் நீ, சொல்" என்று கேட்டிருந்தாய். சொல்வதென்ன, எரித்தே பார்த்துவிட்டேன்.

மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம் மொட்டைமாடிக்குப் போனேன். சுத்தியலால் ஓரத்தில் தட்டி, கட்டைவிரல் நகத்தளவு சில்லு ஒன்றை எடுத்து, சமையலறை இடுக்கியில் பிடித்து மெழுகுவத்தியில் காட்டினேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஓரம் கறுத்தது. மஞ்சளாக ஒரு சுடர், கரி படிகிற புகை, தார் ரோட்டில் கெரசினைக் கொட்டியது போல ஒரு வாடை. மெழுகுவத்தியை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் தானாகவே எரிந்தது. அணைந்ததும் பார்த்தால் சில்லு சில்லாகவே இருக்கிறது, நிறம்தான் வேறு. விறகாக இருந்தால் சாம்பலாகிக் காற்றோடு போயிருக்கும். இடுக்கியைக் கரியாக்கியதற்கு வீட்டில் வாங்கிய திட்டைத் தனியாக எழுதுகிறேன்.

இதன் பெயர் ஆயில் ஷேல். பெயரில் ஆயில் உண்டு, கல்லில் கிடையாது. கல்லில் இருப்பது கெரோஜென். மெழுகுக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து 1906இல் ஸ்காட்லாந்து வேதியியலாளர் கிரம் பிரவுன் வைத்த பெயர் அது. ஏரியிலும் ஆழமில்லாத கடலிலும் செத்த பாசிகள் அடியில் போய்ப் படிகின்றன. அங்கே ஆக்சிஜன் இல்லையென்றால் அவை முழுசாக அழுகுவதில்லை, அந்த மிச்சம்தான் கெரோஜென். மேலே சேறும் சுண்ணாம்பும் விழுந்து மூடி, இறுகிக் கல்லாகிவிடும். உன் மகள் கொடுத்த கல் சுமார் 45 கோடி வருஷத்துக்கு முந்தைய கடலடி. இதுவே இன்னும் ஆழத்தில் புதைந்து, நூறு டிகிரியையொட்டிய சூட்டில் பல பத்து லட்சம் வருஷம் கிடந்திருந்தால் பெட்ரோலியம் ஆகியிருக்கும். அந்தச் சூடு கிடைக்கவில்லை. உலை வைத்த பூமி, அரிசி வேகும் முன்பே அடுப்பை அணைத்துவிட்டது என்று வைத்துக்கொள்.

மிச்சத்தை நாம்தான் வேகவைக்க வேண்டும். பத்தாம் வகுப்பு லேப் ஞாபகம் இருக்கிறதா? மூடிய குழாயில் மரத்தூளைப் போட்டுச் சூடாக்கி, 'சிதைத்து வடித்தல்' என்று சார் காட்டினாரே, நீ குழாயை உடைத்துவிட்டு என் தலையில் கட்டினாயே, அதேதான். கல்லை உடைத்து, ராட்சத வடிகலத்தில் போட்டு, காற்றுப் படாமல் 450, 500 டிகிரிக்குச் சூடாக்குகிறார்கள். கெரோஜென் சிதைந்து ஆவியாகிறது. ஆவியைக் குளிரவைத்தால் ஷேல் எண்ணெய். குளிராத வாயுவை அடுப்புக்கே எரிபொருளாகத் திருப்பிவிடலாம். வருகிற எண்ணெயும் அப்படியே உதவாது. நைட்ரஜனும் கந்தகமும் அதிகம் இருந்தால் ஹைட்ரஜன் ஏற்றி நீக்கிய பிறகுதான் ரிஃபைனரி ஏற்கும். எங்கள் லேபுக்கு இப்படி ஒரு சாம்பிள் வந்திருந்தால் அன்றைக்கு யாரும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிருக்க மாட்டோம்.

அமெரிக்காவில் இந்த மாதிரிக் கல்லுக்குள் 4.3 லட்சம் கோடி பேரல் இருக்கிறதாம், அப்புறம் ஏன் பெட்ரோல் விலை இறங்கவில்லை என்று கோபப்பட்டிருந்தாய். கணக்கு சரிதான். கொலராடோ, யூட்டா, வயோமிங் மூன்றிலும் பரவிக் கிடக்கும் கிரீன் ரிவர் பாறைக்கு அந்நாட்டுப் புவியியல் துறை சொன்ன அளவு அது. ஆனால் அது கல்லுக்குள் இருப்பதன் அளவு, கைக்கு வருவதன் அளவு இல்லை. நல்ல கல்லிலேயே ஒரு டன்னுக்குச் சுமார் 100 லிட்டர்தான் வரும். ஒரு பேரலுக்கு, அதாவது 159 லிட்டருக்கு, ஒன்றரை டன்னுக்கு மேல் தோண்டி, உடைத்து, சுட்டு, அப்புறம் சுட்ட கல்லைக் கொட்ட இடம் தேட வேண்டும். சுட்ட கல் எடுத்த குழியில் திரும்ப அடங்காது, நெல் பொரியான மாதிரி இடத்தை அடைக்கும். நெய்வேலியில் மேல்மண்ணை அள்ளிக் கொட்டியே ரிட்டையர் ஆனவன் நீ, உனக்கு நான் சொல்லணுமா?

பெரிய கம்பெனிகளும் கையைச் சுட்டுக்கொண்டன. கொலராடோவில் எக்ஸான் நடத்திய 'காலனி' என்ற ஆயில் ஷேல் திட்டத்தை, எண்ணெய் விலை சரிந்ததும், 1982 மே 2ஆம் தேதி ஒரே நாளில் மூடினார்கள். இரண்டாயிரம் பேருக்கு மேல் வேலை போனது. அந்த ஊர்க்காரர்கள் இன்னமும் 'கறுப்பு ஞாயிறு' என்கிறார்கள். ஷெல் கம்பெனி வேறு மாதிரி யோசித்தது. கல்லைத் தோண்டாமல், பூமிக்குள்ளேயே மின்சார ஹீட்டரை இறக்கி வருஷக்கணக்கில் சூடாக்குவது, நிலத்தடி நீர் உள்ளே வராமல் சுற்றிலும் மண்ணை உறையவைத்து ஐஸ் சுவர் கட்டுவது. நடுவில் அடுப்பு, சுற்றி ஐஸ்பெட்டி! 2013இல் அதையும் விட்டுவிட்டார்கள். செய்தியில் வருகிற அமெரிக்க 'ஷேல் ஆயில்' வேறு. அங்கே பூமி வேகவைத்து முடித்த எண்ணெய் பாறை இடுக்கில் மாட்டியிருக்கிறது, பாறையில் விரிசல் உண்டாக்கினால் வந்துவிடும். பெயர்க் குழப்பத்தில் ஏமாறாதே.

எஸ்டோனியாக்காரர்கள்தான் கெட்டிக்காரர்கள். எண்ணெயும் வடிக்கிறார்கள், ஆனால் பெரும்பகுதியைப் பொடியாக்கி அப்படியே கொதிகலனில் போட்டு மின்சாரம் எடுத்தார்கள். ஒரு காலத்தில் நாட்டின் மின்சாரத்தில் 90 சதவீதத்துக்கு மேல் இந்தக் கல்லிலிருந்துதான். அதற்கு விலை சாம்பல். எரித்ததில் கிட்டத்தட்டப் பாதி சாம்பலாக நிற்கும், அதில் ஊறிய தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரிக் காரமாக இருக்கும். அங்கே நார்வா நகரத்துப் பக்கம் சாம்பலே குன்றாக நிற்கிறது. உன் மகளைப் போய்ப் பார்த்து ஒரு போட்டோ அனுப்பச் சொல்.

இங்கே மெட்ரோவுக்குத் தோண்டிய தெருவில் மழைத் தண்ணீர் நிற்கிறது, மார்க்கெட்டுக்குப் போகவே சுற்றிப் போகிறேன். முழங்கால் பரவாயில்லை. இடது கண்ணுக்கு அடுத்த மாதம் ஆபரேஷன், பயப்பட ஒன்றுமில்லை என்கிறார்கள். மீதிக் கல்லைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு வருவாயல்லவா, இன்னொரு சில்லை நீயே எரித்துப் பார். வரும்போது ஒரு பழைய இடுக்கி எடுத்து வா.

உன்,
ராமு