மதிலுக்கு வெளியே: மறைக்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு மடல்

தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறைக் கத்தோலிக்கப் பங்குகளில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். இந்தக் கடற்கரையில் பிறந்து, பூசை முடிந்ததும் கோயில் மணலில் உட்கார்ந்து, மறைக்கல்வியின் பழைய பெயரான ஞானோபதேசம் படித்தவள் நான். இந்திய மண்ணில் முதலில் அச்சேறிய தமிழ் நூலான ‘தம்பிரான் வணக்கம்’, 1578இல் கொல்லத்தில் அச்சான 16 பக்க ஞானோபதேச நூல்தான். இங்கே உங்கள் பாடத்துக்கு அத்தனை பழைய வேர் இருக்கிறது. ஒன்பது வயதில் நீங்கள் சொல்வது ஒரு பிள்ளைக்குள் எவ்வளவு ஆழம் இறங்கும் என்பதை அனுபவத்தில் அறிந்தவள் எழுதுகிறேன்.

1986இல் நான் புதுநன்மைக்கு, அதாவது முதன்முறை நற்கருணை வாங்குவதற்கு, தயாராகிக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கொரு தம்பி பிறந்து மூன்றாம் நாள் இறந்துபோனான். ஞானஸ்நானம் கொடுத்திருக்கவில்லை. அதனால் பூசை இல்லை, மணி அடிக்கவில்லை. அப்பா அவனை வெள்ளைத் துண்டில் சுற்றி எடுத்துப்போய், கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே உடைமரத்தடியில் புதைத்துவிட்டு வந்தார்.

அடுத்த ஞாயிறு வகுப்பில் எழுந்து, “தம்பி மோட்சத்துக்குப் போயிருப்பானா?” என்று கேட்டேன். ஆசிரியர் யோசிக்கவே இல்லை. ஞானஸ்நானம் பெறாத குழந்தைகள் லிம்போவுக்குப் போவார்கள். அங்கே வேதனை கிடையாது, கடவுளைப் பார்க்கவும் முடியாது என்றார். நல்ல மாணவியாக அதை வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒப்பித்தேன். மீன் ஆய்ந்துகொண்டிருந்த அவர் கை அப்படியே நின்றது. ஆபத்து நேரத்தில் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று பிறகு யாரோ சொன்னபோது, “ஒரு கை தண்ணீர் ஊற்றியிருப்பேனே” என்று அழுதார். பிள்ளை பெறும் பெண்களுக்கு அதை யாரும் முன்கூட்டியே சொல்லித்தரவில்லை.

லிம்போ என்பது இறையியலாளர் கருத்து; திருச்சபை அதை விசுவாசக் கோட்பாடாக ஒருபோதும் அறிவித்ததில்லை. பெற்றோர் ஞானஸ்நானம் கொடுக்க எண்ணியிருந்து அதற்குள் குழந்தை இறந்துவிட்டால், ஆயர் அனுமதியுடன் திருச்சபை முறைப்படி அடக்கம் செய்யலாம் என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டமே சொல்கிறது. தம்பி இறந்தது அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து! 1992இல் வந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இத்தகைய குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்தில் ஒப்படைக்கிறது. அவர்கள் மீட்படைவார்கள் என்று நம்பத் தக்க காரணங்கள் உண்டு என 2007இல் வத்திக்கானின் இறையியல் ஆணையமும் எழுதியது. அதை அம்மாவுக்கு நான்தான் படித்துக் காட்டினேன். “அப்படியானால் அவனுக்கு ஒரு மணியாவது அடித்திருக்கலாமே” என்றார்.

நான் கோயிலை விட்டுப் போய்விடவில்லை. அதற்குக் காரணம் எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டி. அந்த வாரம் முழுவதும் இரவு ஜெபமாலை முடிந்ததும், “பேர் வைக்காத பிள்ளைக்கு” என்று சொல்லி, மரியன்னையை வாழ்த்தும் பிரியதத்த மந்திரம் ஒன்றைச் சேர்த்துச் சொன்னார். அதே மந்திரத்தை இன்று கோயிலில் எல்லாரோடும் சேர்ந்து “அருள் நிறைந்த மரியே” என்று சொல்கிறேன். மனம் கலங்கும்போது மட்டும் பாட்டியின் “பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே” தானாக வாயில் வருகிறது.

உங்களிடம் கேட்பது இதுதான். ஒரு பிள்ளை இறப்பைப் பற்றிக் கேட்டால், யாருக்காகக் கேட்கிறது என்று முதலில் விசாரியுங்கள். பதில் தெரியாவிட்டால், தெரியாது என்று சொல்லிவிட்டு அதனுடன் சேர்ந்து ஜெபியுங்கள். அவசர ஞானஸ்நானம் கொடுக்கும் முறையைத் தாய்மார்களுக்கும் கற்றுக்கொடுங்கள்.

நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று, பிள்ளைகளை மதிலுக்கு வெளியேயும் அழைத்துப்போங்கள். எங்கள் ஊர் உடைமரம் இன்னும் நிற்கிறது. மெழுகுவர்த்திகளை நான் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய மாணவி ஒருத்தி