ஒத்திகைக்கும் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்: நம் நாடகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

இயக்குநர் அண்ணனுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், கூட நடிக்கும் தோழர்களுக்கும் வணக்கம்.

காது கேளாத நான் மகனாக நடிக்கும் மூன்றாம் காட்சி, சனிக்கிழமை ரன்-த்ரூவில், அதாவது நாடகத்தை முழுதாக ஓட்டிப் பார்க்கும் ஒத்திகையில், நின்றுபோனதை எல்லோரும் பார்த்தீர்கள். அதற்கடுத்து, "அந்தக் காட்சிக்கு மாற்று ஏற்பாடு யோசிக்கிறோம்" என்று எனக்கு வந்த செய்தியும் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். காது கேட்கும் ஒருவர் என் வேடத்தைப் போட்டு, கையை அப்படி இப்படி அசைத்துச் சமாளிப்பது என்றுதான் அதை நான் எடுத்துக்கொண்டேன். அப்படி இல்லையென்றால் சொல்லிவிடுங்கள், நிம்மதியாக இருக்கும்.

அரிக்கேன் விளக்கை அண்ணியாக நடிப்பவர் தரையில் வைத்ததும் நான் உள்ளே வர வேண்டும். ஆரம்பத்திலிருந்து அதுதான் என் க்யூ, உள்ளே வரச் சொல்லும் அடையாளம். நான் நிற்கிற விங்கிலிருந்து, அதாவது மேடையின் பக்கவாட்டு மறைவிலிருந்து, அவர் முகம் தெரியாது, முதுகும் வலது கையும்தான் தெரியும். அந்தக் கை இறங்கினால் நான் நடக்க ஆரம்பிப்பேன். சனிக்கிழமை அந்தக் கை இறங்கவே இல்லை. விளக்கைப் பிடித்தபடியே நின்றார். உள்ளிருந்து ஒரு மணி அடித்ததாம், அதுதான் புது க்யூவாம். நான் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேடையில் இருந்தவர்கள் இல்லாத வசனங்களைப் பேசி நேரத்தை ஓட்டினார்கள். கடைசியில் யாரோ பின்னாலிருந்து என் முதுகில் கை வைத்துத் தள்ளினார்கள். செத்துக் கிடக்கும் அப்பாவைப் பார்க்க ஓடிவர வேண்டிய மகன், பஸ்ஸிலிருந்து இறக்கிவிடப்பட்டவன் மாதிரி வந்து நின்றேன்.

க்யூ மாறியது வெள்ளிக்கிழமை இரவு. வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பியிருந்தீர்கள். காது கேளாத ஒருவன் இருக்கிற குழுவில், குரல் பதிவு! அந்த அலைக்கோடு எனக்கும் தெரிந்தது. அதன்கீழ் வரிசையாக விழுந்த கட்டைவிரல்களும் தெரிந்தன. என்ன விஷயம் என்று கேட்டேன். "சின்ன மாற்றம்தான், நேர்ல சொல்றேன்" என்று பதில் வந்தது. நேரில் ஒருவரும் சொல்லவில்லை. அழைத்து வந்திருந்த பெரியவர்கள் முன்னால், அண்ணன், எனக்குக் "கவனம் போதவில்லை" என்று சொன்னீர்கள். அதை மட்டும் ஒருவர் உடனே தாளில் எழுதிக் காட்டினார்.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு ஒத்திகைக்கும் சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும். காட்சி முடிந்து நோட்ஸ், அதாவது திருத்தங்கள், சொல்ல உட்காரும்போதும் அவர் இருக்க வேண்டும்.

"உனக்குத்தான் உதட்டைப் படிக்கத் தெரியுமே" என்பீர்கள். கொஞ்சம் தெரியும். ஒரே ஒருவர், வெளிச்சத்தில், என் பக்கம் திரும்பி, நிதானமாகப் பேசினால் பாதி பிடித்துவிடுவேன், மீதியை ஊகித்துக்கொள்வேன். ப, ம இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். க என்பது தொண்டைப் பக்கம் நடக்கிற காரியம், வெளியே ஒன்றும் தெரியாது. நோட்ஸ் நேரத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அண்ணன் நடந்துகொண்டே பேசுவார், பாதி நேரம் முதுகுதான் எனக்கு. ஒருவர் வாய்க்கு முன்னால் டீ கிளாஸ். யார் பேசுகிறார் என்று தேடிக் கண்டுபிடித்துத் திரும்புவதற்குள் பேச்சு வேறு ஆளுக்குப் போய்விடும். எல்லோரும் சிரிப்பீர்கள். நானும் சிரித்து வைப்பேன். என்ன என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டால், "ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்." அந்த அப்புறம் இன்றுவரை வந்ததில்லை.

நான் சைகையில் சொல்லும் வசனங்களுக்குக் குரல் கொடுக்கும் தம்பியோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அவர் என் கையைப் பார்ப்பதில்லை, மனப்பாடம் செய்ததைச் சொல்கிறார். நான் "அப்பா" என்று தொடங்கும்போது அவர் வாக்கியத்தையே முடித்துவிடுகிறார் என்று முன்வரிசையில் இருந்த என் தங்கை சொன்னாள். இதை இருவரும் உட்கார்ந்து பேசினால் ஒரே மாலையில் சரியாகிவிடும். எப்படிப் பேசுவது? போனில் தட்டித் தட்டியா?

காசு இல்லை என்கிறீர்கள். சரி. அரங்கேற்றத்தன்று மேடை ஓரத்தில் நிற்க மொழிபெயர்ப்பாளருக்கு ஏற்பாடு செய்துவிட்டீர்களே, அதற்கு எங்கிருந்து வந்தது? பத்திரிகைக்காரர்கள் வரும் நாளில் மொழிபெயர்ப்பாளர் வருவார், நான் வேலை கற்றுக்கொள்ளும் நாட்களில் வரமாட்டார். புகை மெஷினுக்கும் காசு இருந்தது. அந்தப் புகையிலும் நீல வெளிச்சத்திலும் என் கைகள் தெரியவே தெரியாது என்பது வேறு விஷயம், அதைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம்.

செப்டம்பர் 23, சர்வதேச சைகை மொழி நாளன்று அழகான வாழ்த்து அட்டை போட்டீர்கள். 2022-ல் காது கேளாத நடிகர் ட்ராய் காட்சர் ஆஸ்கர் வாங்கியபோது அந்தச் செய்தியை எனக்கு அனுப்பாதவர் கிடையாது. நன்றி. 1987-லேயே காது கேளாத நடிகை மார்லி மேட்லின் வாங்கிவிட்டார் என்பதையும் சொல்லிவைக்கிறேன். லாஸ் ஏஞ்சலஸில் 1991-ல் தொடங்கிய டெஃப் வெஸ்ட் தியேட்டர், காது கேளாதவர்களையும் கேட்பவர்களையும் சேர்த்து நடிக்க வைத்து, 2015-ல் ஒரு இசை நாடகத்தை நியூயார்க்கின் பிராட்வே அரங்குகள் வரை கொண்டுபோனது. பாட்டுக் கச்சேரியே நடந்திருக்கிறது, நமக்கு ஒரு மணிச் சத்தம் தடையாகிவிட்டது. இங்கேயும் காது கேளாத நடிகை அபிநயா 2009-லிருந்து சினிமாவில் நடிக்கிறார். ஆனாலும் காது கேளாத பாத்திரம் என்று எழுதினால் முதலில் தேடுவது காது கேட்கும் நடிகரைத்தான். அவர் சில வாரம் பயிற்சி எடுத்து நடித்தால் "வாழ்ந்துவிட்டார்" என்று பாராட்டு. நாங்கள் ஆயுள் முழுக்கப் பயிற்சி எடுத்தாலும் "கவனம் போதவில்லை."

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். எல்லோரையும் ஒரே தராசில் வைக்கவும் மாட்டேன். அண்ணியாக நடிப்பவர், டெல்லியில் உள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையத்தின் அகராதி வீடியோக்களைப் பார்த்துத் தானாகவே சைகை கற்றுக்கொண்டு வருகிறார். அதில் 10,000-க்கும் மேற்பட்ட சொற்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் யாரும் படிக்க வேண்டாம். நில், வா, மறுபடியும், இடது, வலது என்று கொஞ்சம் போதும், பிளாக்கிங், அதாவது மேடையில் யார் எங்கே நிற்பது, எப்படி நகர்வது என்பது, ஓடிவிடும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வந்து உங்களை மிரட்டும் எண்ணம் எனக்கு இல்லை. இந்த நாடகத்தை உங்களோடு சேர்ந்து போட வேண்டும் என்பதுதான் ஆசை. இந்த வேடத்துக்கு என்னைத் தேடி வந்தது நீங்கள்தான்.

தயவுசெய்து ஒத்திகைக்கு மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யுங்கள். இரண்டு மணி நேரத்தைத் தாண்டும் ஒத்திகைக்கு இருவர் வேண்டும். ஒருவரே தொடர்ந்து செய்தால் களைத்துவிடுவார், அதனால் அரை மணிக்கொரு தடவையாவது மாறி மாறிச் செய்வார்கள். எனக்குத் தெரிந்த இருவரின் விவரங்களை நிர்வாகியிடம் கொடுத்திருக்கிறேன். மாலை நேரங்களில் வர அவர்களுக்கு வசதிப்படும். முழுச் செலவும் முடியாது என்றால் பிளாக்கிங் மாறும் நாட்களுக்கும் நோட்ஸ் நேரத்துக்குமாவது கூப்பிடுங்கள், மீதி நாட்களை எழுதிக் காட்டி ஓட்டிவிடலாம். க்யூ எது மாறினாலும் எழுத்தில் அனுப்புங்கள். மூன்றாம் காட்சியில் மணி கட்டாயம் வேண்டும் என்றால் இருக்கட்டும், மணி அடிக்கும்போதே விளக்கும் கீழே இறங்கட்டும். அந்தக் காட்சியை வேறு யாருக்காவது கொடுப்பதற்கு முன், மொழிபெயர்ப்பாளரை வைத்து ஒரே ஒரு முறை என்னோடு ஒத்திகை பாருங்கள்.

அடுத்த ஒத்திகை திங்கள்கிழமை. அதற்குள் உங்கள் முடிவைத் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
மூன்றாம் காட்சியின் மகன்