கப்பல் ஏறிவிட்ட காப்பிக்குப் பழைய வரியே வேண்டும்

அனுப்புநர்
சிறு காப்பி வறுப்பாளர்கள்

பெறுநர்
செயலர் அவர்கள்,
வர்த்தகத் துறை

பொருள்: பச்சைக் காப்பிக் கொட்டையின் இறக்குமதி வரி மாறும்போது, வழியில் இருக்கும் சரக்குக்கு விலக்கு கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். நாங்கள் வெளிநாட்டுப் பச்சைக் கொட்டையை வாங்கி, வறுத்து, கடைகளுக்குக் கொடுக்கிறவர்கள். வரியே கூடாது என்று கேட்க வரவில்லை. வரி எவ்வளவு என்பதைவிட, அது என்றைக்கு மாறும் என்று தெரியாததுதான் எங்களை அதிகம் படுத்துகிறது.

60 கிலோ மூட்டை என்றால் ஒரு கன்டெய்னரில் ஏறக்குறைய 320 மூட்டை பிடிக்கும். அதன் விலையைச் சரக்கு வருவதற்குப் பல மாதம் முன்பே பேசி முடிக்கிறோம். அராபிகா வகைக் காப்பிக்கு நியூயார்க் சந்தை விலை, ரொபஸ்டா வகைக்கு லண்டன் சந்தை விலை. அந்தக் கணக்கை வைத்துத்தான் கடைக்காரருக்கும் விலை சொல்கிறோம். கொட்டை விலை ஏறினால் தாங்கிக்கொள்ள முன்பேர ஒப்பந்தம் (பின்னால் வரும் சரக்குக்கு இன்றே விலையை உறுதி செய்துகொள்வது) இருக்கிறது; வரி ஏறினால் அப்படி ஒரு பாதுகாப்பும் இல்லை. சரக்கு துறைமுகத்தில் இறங்கி, சுங்கத்தில் கணக்காகும் நாளில் என்ன விகிதமோ அதைக் கட்டியாக வேண்டும். கப்பல் நடுக்கடலில் இருக்கும்போது அறிவிப்பு வந்தால், திருப்பி அனுப்ப வழியில்லை. கடைக்காரரிடம் போய்க் கூடுதலாகக் கேட்கவும் முகமில்லை.

அப்புறம் இன்னொன்று. வறுக்கும்போது எடையில் 15 முதல் 20 சதவீதம் வரை போய்விடும். 100 கிலோவுக்கு வரி கட்டுகிறோம், விற்பது 80, 85 கிலோ. ஆவியாகிப் போன ஈரத்துக்கும் சேர்த்துத்தான் வரி!

அமெரிக்காவில் 2025இல் நடந்ததைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம். அதுவரை அங்கே பச்சைக் கொட்டைக்கு வரி கிடையாது. ஏப்ரலில் பெரும்பாலான நாடுகளின் சரக்குக்கு 10 சதவீதம் வந்தது. ஆகஸ்ட் 6 முதல் பிரேசில் காப்பிக்கு மொத்தம் 50 சதவீதம். உலகிலேயே அதிகம் காப்பி விளைவது பிரேசிலில். அந்தக் கொட்டையை எடுத்துவிட்டால் பல கலவைகளின் சுவையே மாறிவிடும். நவம்பரில் காப்பிக்கு இந்தக் கூடுதல் வரிகள் நீக்கப்பட்டன. நடுவில் 50 சதவீதம் கட்டி எடுத்தவர், கட்டாமல் எடுத்தவரோடு ஒரே சந்தையில் விற்க வேண்டிய நிலை. ஆனாலும் பிரேசில் சரக்குக்கு வரி போட்ட அந்த ஆணையில் ஒரு நியாயம் இருந்தது: ஆகஸ்ட் 6க்கு முன் கப்பலில் ஏறி, அக்டோபர் 5க்கு முன் சுங்கம் கடந்த சரக்குக்குப் புதிய வரி இல்லை.

நாங்கள் கேட்பதும் அதைத்தான். அறிவிப்பு நாளுக்கு முன் கப்பல் ஏறியதைச் சரக்குச் சீட்டின் (சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் நிறுவனம் தரும் ஆவணம்) தேதியே காட்டிவிடும். அந்தச் சரக்குக்குப் பழைய விகிதத்தையே வசூலிக்க வேண்டும். புதிய விகிதத்தை 90 நாள் முன்னதாக அறிவித்தால் இன்னும் நல்லது. வரி குறையும்போது, இன்னும் வறுக்காத மூட்டைகளுக்கு ரசீதைப் பார்த்து வித்தியாசத்தைத் திருப்பித் தந்தால் பெரிய உதவி. கடைசியில் சொன்ன இது நிர்வாகத்துக்குச் சிரமம் என்று தெரியும். முதல் கோரிக்கையையாவது அடுத்த வரி அறிவிப்பிலேயே சேர்க்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சிறு காப்பி வறுப்பாளர்கள்