"அனுப்புபவர் கவலைப்பட வேண்டியதில்லை" என்று எழுதிவிட்டீர்களே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தொழில் பக்கத்துக் கேள்வி பதிலில் ஒரு வாசகர், அமெரிக்காவுக்குப் பொருள் அனுப்பினால் அங்கே விதிக்கும் வரியை யார் கட்ட வேண்டும் என்று கேட்டிருந்தார். "இறக்குமதி வரி பெறுபவரின் பொறுப்பு. அனுப்புபவர் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை" என்று இரண்டே வரியில் பதில் சொல்லி முடித்துவிட்டீர்கள். பத்தொன்பது வருடங்களாக உங்கள் பத்திரிகையை வாங்கிப் படிக்கிறவள் நான். அந்த இரண்டாவது வரியைப் படித்தபோது வயிறு எரிந்தது. அதே வார்த்தையைச் சொல்லித்தான் 2025 செப்டம்பரில் என் பார்சலை வாங்கிக்கொண்டார்கள்.

நான் காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை விற்கிறேன். புவிசார் குறியீடு கிடைத்த 2019-க்குப் பிறகு வெளிநாட்டிலிருந்தும் கேட்க ஆரம்பித்தார்கள். 800 டாலருக்கு உட்பட்ட பார்சலுக்கு அமெரிக்காவில் வரி இல்லாமல் இருந்தது. அதனால் யார் கட்டுவது என்ற பேச்சே எங்களுக்குள் எழுந்ததில்லை. 2025 ஆகஸ்ட் 29-ஆம் தேதியோடு அந்தச் சலுகை போனது. வரியை யார் வசூலிப்பது, எப்படிக் கட்டுவது என்று அங்கே தெளிவாகச் சொல்லாததால் நம் அஞ்சல் துறை அமெரிக்கப் பார்சல்களை அந்த மாதம் 25-ஆம் தேதியிலிருந்தே நிறுத்தி வைத்தது. இதெல்லாம் உங்கள் பத்திரிகையிலேயே வந்த செய்தி. உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லவில்லை.

நியூஜெர்சியில் இருக்கும் ஒரு பெண் தீபாவளிக்கு ஆறு சேலை கேட்டிருந்தார். தபால் வழி அடைபட்டதால் தனியார் கூரியர் முகவரிடம் போனேன். "வரியெல்லாம் அங்கே வாங்குகிறவர் பார்த்துக்கொள்வார், நீங்கள் கவலைப்படாதீர்கள் அம்மா" என்றார். நம்பினேன். ஒரு சேலை 1,450 ரூபாய் வீதம் ஆறுக்கு 8,700 ரூபாய், அதாவது ஏறக்குறைய நூறு டாலர். அனுப்பும் செலவை அதன் மேல் வைத்து மொத்தத் தொகையை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். "எல்லாம் சேர்த்து" என்றும் சொன்னேன்.

அந்த இரண்டு வார்த்தைதான் வினையாகிப்போனது. எல்லாம் என்றால் எனக்குச் சேலை விலையும் அனுப்பும் செலவும். அவருக்கோ வீட்டு வாசல் வரைக்கும் ஆகிற அத்தனை செலவும். பார்சல் அங்கே இறங்கியதும் வரியும் அதைக் கட்டிக் கொடுப்பதற்கான கட்டணமுமாக 82 டாலர் கேட்டு அவருக்குச் செய்தி போயிருக்கிறது. "அக்கா, எல்லாம் சேர்த்து என்றுதானே சொன்னீர்கள்? இப்போது இப்படிக் கேட்கிறார்களே" என்று குரல் பதிவு அனுப்பினார். கோபமாகக்கூடப் பேசவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நானே கட்டிவிடுகிறேன் என்று முடிவெடுத்துச் சொல்வதற்குள் அவர் பார்சல் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். தீபாவளியும் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு கூரியர்காரர்கள் என்னைத் தேடி வந்தார்கள். பொருளை அங்கேயே அழித்துவிடலாம், இல்லையென்றால் திரும்பி வரும் செலவு உங்களுடையது என்றார்கள். தறிக்காரருக்குக் கூலி கொடுத்து நெய்து வாங்கிய சேலையை அழிக்கச் சொல்ல எனக்கு வாய் வருமா? திரும்பக் கொண்டுவர 6,900 ரூபாய் கட்டினேன். அந்தப் பெண்ணுக்கு அவர் பணத்தை முழுவதும் திருப்பி அனுப்பினேன். ரசீதின் பின்பக்கத்தை என் மகன் போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிக் காட்டினான். பெறுபவர் வரி கட்டாவிட்டால் அது அனுப்பியவரிடம் வசூலிக்கப்படும் என்று ஆங்கிலத்தில் எறும்பு எழுத்தில் அச்சடித்திருந்தது. அனுப்புபவர் கவலைப்பட வேண்டியதில்லையாம்!

கார்த்திகை பிறந்து பார்சல் வந்தது. ஒரு பக்கம் கத்தியால் அறுத்து வேறு நிற டேப் ஒட்டியிருந்தார்கள். நான் வைத்த வெள்ளைத் தாள் இல்லை. மேலே இருந்த அரக்குச் சேலையின் மடிப்பு கலைந்து, பார்டர் உள்பக்கம் திரும்பிக் கசங்கியிருந்தது. அதற்கும் முன்பு, இங்கிருந்து போன அதே பொருள்தான் திரும்பி வருகிறது என்று நம் சுங்கத்துக்கு நிரூபிக்கப் பழைய பில், ரசீது எல்லாவற்றையும் தேடிக் கொடுக்க வேண்டியிருந்தது. தாள்களை நான் பத்திரமாக வைத்திருந்ததால் அந்த மட்டும் தப்பித்தேன்.

நீங்கள் எழுதியது சட்டப்படி முழுப் பொய் என்று நான் சொல்லவில்லை. பொதுவாக இறக்குமதி செய்கிறவர்தான் வரிக்குப் பொறுப்பு. ஆனால் விற்கிறவரும் வாங்குகிறவரும் அதை வேறு விதமாகவும் பேசிக்கொள்ளலாம். பெரிய ஏற்றுமதியாளர்கள் பில்லிலேயே 'டிடிபி' என்றோ 'டிஏபி' என்றோ போட்டுவிடுகிறார்கள். முதலாவது என்றால் வரி விற்பவருடையது, இரண்டாவது என்றால் வாங்குபவருடையது. வாட்ஸ்அப்பில் படம் காட்டிச் சேலை விற்கிற எங்கள் பில்லில் அந்த மூன்றெழுத்து இருப்பதில்லை. அதை எழுதச் சொல்லி எங்களுக்கு யாரும் சொன்னதும் இல்லை.

அமெரிக்கத் தபால் 2025 அக்டோபர் 15-ஆம் தேதி மறுபடி தொடங்கியபோது, அறிவித்த மதிப்பில் 50 விழுக்காட்டை வரியாக அனுப்புகிறவரிடமே கவுன்டரில் முன்கூட்டி வாங்கிக்கொள்வோம் என்றுதான் அஞ்சல் துறை அறிவித்தது. என் 8,700 ரூபாய்ச் சேலைக்கு 4,350 ரூபாய். அதில் பெறுபவரின் பொறுப்பு எங்கே இருக்கிறது? பிரிட்டனிலும் 2021 ஜனவரியிலிருந்து 135 பவுண்டுக்கு உட்பட்ட பொருளை அங்குள்ளவருக்கு நேரடியாக விற்றால், மதிப்புக் கூட்டு வரியை விற்கிறவரே விற்கும்போது வசூலித்துக் கட்ட வேண்டும். உங்கள் பதிலை நம்பி லண்டனுக்கு அனுப்புகிறவருக்கு இதை யார் சொல்வது?

இன்னொன்றும் நெடுநாளாக மனதில் கிடக்கிறது. இரண்டு வருடங்களுக்கு முன்பு 'வீட்டிலிருந்தே ஏற்றுமதி' என்று ஒரு முழுப் பக்கக் கட்டுரை போட்டீர்கள். சேலை அடுக்குக்கு நடுவில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருக்கும் படம். ஏற்றுமதிக் குறியீட்டு எண் வாங்குவதிலிருந்து படம் எடுப்பது வரை எல்லாம் இருந்தது. போய்ச் சேரும் நாட்டில் வரி என்று ஒன்று உண்டு என்ற ஒரு வரி இல்லை. அப்போதே எழுத நினைத்து, பெரியவர்களுக்குத் தெரியாதா என்று விட்டுவிட்டேன்.

'கிஃப்ட்' என்று எழுதி மதிப்பைக் குறைத்துப் போடுங்கள் என்று சொல்லிக்கொடுக்கிற முகவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். சுங்கப் படிவத்தில் சொன்ன விவரம் உண்மை என்று கையெழுத்துப் போடுவது முகவர் இல்லை, நாங்கள். விற்ற சேலையை அன்பளிப்பு என்று எழுதினால் அது பொய். 8,700 ரூபாய்ப் பொருளை 1,500 என்று எழுதிய பிறகு பார்சல் தொலைந்தால் முழு விலையை எந்த முகத்தோடு கேட்பது? என்னோடு சேலை அனுப்புகிற இரண்டு பேர் இப்படித்தான் பணத்தை விட்டார்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், ஒரு திருத்தம் போடுங்கள். வரி யாருடையது என்பதை வாங்குகிறவரிடம் பணம் பெறும் முன்பே எழுத்தில் பேசிக்கொள்ள வேண்டும், பெறுபவர் மறுத்தால் செலவு யார் தலையில் விழும் என்பதைக் கூரியர் ரசீதில் படித்த பிறகே பார்சலைக் கொடுக்க வேண்டும் என்று இரண்டு வரி எழுதினால் போதும். என் ரசீதுகளின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

கேள்வி கேட்ட அந்த வாசகரின் முகவரி உங்களிடம் இருக்கும். அடுத்த ஞாயிறு வரை காத்திருக்காமல், அவர் பார்சல் கட்டுவதற்குள் அவருக்கு ஒரு தபால் அட்டையாவது போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காரைக்குடி