கணினிக்கு ஒரு பாகப்பிரிவினை

பாலக்கோடு,
25-1-2026, ஞாயிறு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் நலம். புதுக் கணினிக்குப் பணம் அனுப்புவதாகப் போனில் சொன்னாயே, அனுப்ப வேண்டாம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் என்னைப் பேச விடமாட்டாய். பழையதைத் தூக்கிப் போடுங்கள் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாய். எழுதிவிட்டால் குறுக்கே பேச முடியாது.

நீ சொன்னதிலும் நியாயம் இருந்தது. போன அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு நின்றுவிட்டது. வேண்டுமானால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வாங்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான். நம் பெட்டி 2016-ல் வாங்கியது, அதன் செயலி ஆறாம் தலைமுறை ஐ3. விண்டோஸ் 11 கேட்பதோ எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும். தர்மபுரியில் ஒரு கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, நாற்பதாயிரத்துக்கு ஒரு சீட்டு எழுதிக் கையில் கொடுத்தார். உழுதுகொண்டிருக்கிற மாட்டை, வயதாகிவிட்டது என்று சந்தைக்கு ஓட்டுவதா? பெட்டியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டேன்.

எதிர்வீட்டுப் பையன் பாலிடெக்னிக்கில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான் அல்லவா, அவன்தான் இந்த யோசனையைச் சொன்னான். விண்டோஸை அழிக்க வேண்டாம் தாத்தா, அது ஒரு பக்கம் இருக்கட்டும், இன்னொரு பக்கம் லினக்ஸ் என்கிற வேறொரு இயங்குதளத்தைக் குடிவைப்போம் என்றான். எனக்கு உடனே உன் மடிக்கணினி நினைவுக்கு வந்தது. நீ பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தபோது அரசு கொடுத்ததே, அதைத் திறந்தாலும் பாஸ் லினக்ஸா விண்டோஸா என்று கேட்கும். பாஸ் என்பது சி-டாக் என்கிற மத்திய அரசுக் கணினி ஆய்வு நிறுவனம் சென்னையில் உருவாக்கிய லினக்ஸ் இயங்குதளம் என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன். நீ ஒரு நாளும் அதைத் தொட்டதில்லை. ஒரே ஒரு முறை கை தவறி உள்ளே போய்விட்டாய். திரையின் நிறம் மாறியதைப் பார்த்து உன் அம்மா, அரசாங்கப் பொருளைக் கெடுத்துவிட்டாளே என்று கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். நினைவிருக்கிறதா?

முதலில் பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்த்தோம். லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் 22, அதிலும் பழைய பெட்டிகளுக்குப் பாரம் குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. இதற்கு 2029 வரை திருத்தங்கள் வரும். கோப்பு 3 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு. பையன் தன் வீட்டு இணைப்பில் இறக்கிக் கொண்டுவந்தான். ஹார்ட் டிஸ்க்கில் ஓர் எழுத்துகூட எழுதாமல், பென்டிரைவிலேயே முழு இயங்குதளமும் ஓடுகிறது. வாங்குவதற்கு முன்னால் வீட்டில் பத்து நாள் வாடகைக்கு இருந்து பார்ப்பது போல. மெதுவாகத்தான் நகர்ந்தது, ஆனால் வைஃபை எடுத்தது, சத்தம் வந்தது, கேமராவில் என் முகம் தெரிந்தது. தமிழ் அடிக்க தமிழ் 99 இருந்தது. நான் விரல் தேயப் பழகிய பழைய தட்டச்சு விசைப்பலகையும் இருந்தது. அதைப் பார்த்ததும் பாதி மனம் ஒப்புக்கொண்டுவிட்டது.

மீதிப் பாதி, உரிம ஆவணத்தைப் படித்தபோது. சிரிக்காதே. நாற்பது வருடம் பத்திரம் எழுதியவன் படிக்காமல் சம்மதம் என்று அழுத்துவானா? பையனைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தமிழில் சொல்லச் சொன்னேன். லினக்ஸ் என்பது 1991-ல் ஃபின்லாந்தில் 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய வேலை. யாரும் படி எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் அடுத்தவருக்குக் கொடுக்கும்போது உனக்குக் கிடைத்த அதே உரிமைகளை அவருக்கும் கொடுத்தே ஆகவேண்டும். கைமாறக் கைமாறக் கூடவே போகிற நிபந்தனை. அந்த உரிமத்தை எழுதியவர் யாரோ, நல்ல பத்திர எழுத்தராக வந்திருக்கவேண்டியவர். உத்தரவாதம் எதுவும் கிடையாது என்பதையும் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டார். நம் ஊரில் அதைத்தான் பொடி எழுத்தில் போடுவார்கள்.

அடுத்த வேலை, மூலத்துக்கு நகல். என் பத்திர மாதிரிகள், உன் கல்யாணப் படங்கள், பேத்தியின் வீடியோக்கள் எல்லாவற்றையும் வெளி டிஸ்க் ஒன்றில் படி எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டினேன். அதற்குப் பிறகுதான் பையனைக் கைவைக்க விட்டேன்.

பிரிக்க உட்கார்ந்த அன்றுதான் எனக்கு இந்த வேலையே பிடிபட்டது. பத்திர எழுத்தன் கண்ணுக்கு ஹார்ட் டிஸ்க் ஒரு புஞ்சை நிலம்தான், பாப்பா. மொத்தம் 500 ஜிபி. 'சி' டிரைவில் பாதிக்கு மேல் சும்மா கிடந்தது. அதில் 80 ஜிபியை அளந்து பிரிக்கச் சொன்னால், 12 ஜிபிக்கு மேல் தரமாட்டேன் என்கிறது விண்டோஸ். காலி இடம் நூறு இருக்கும்போது ஏன் தராது? பையனுக்கும் முதலில் புரியவில்லை. அப்புறம் பார்த்தால், நகர்த்த முடியாத கோப்புகள் சில நிலத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கின்றன. உறக்கநிலைக்கு ஒன்று, நினைவகம் போதாதபோது பயன்படுத்த ஒன்று. எல்லைக்கல்லை அவற்றைத் தாண்டி உள்ளே தள்ள முடியாது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாரண்டஅள்ளி நிலத்தை நானும் உன் பெரியப்பாவும் 1998-ல் பிரித்தபோது இதேதான் நடந்தது. நேர்கோடு போட்டால் உன் கொள்ளுத்தாத்தா சமாதி நடுவில் நின்றது. அதைச் சுற்றி வளைத்துத்தான் வரப்பு போட்டோம். இன்றும் அந்த வரப்பு கோணலாகத்தான் இருக்கிறது. கணினியில் அந்தச் சங்கடம் இல்லை. இரண்டையும் நிறுத்திவைத்து, ஒரு முறை மூடித் திறந்ததும் 80 ஜிபியும் சுத்தமாகப் பிரிந்து வந்தது.

டிஸ்க்கின் தலைமாட்டில் 100 எம்பி அளவுக்கு ஒரு சின்னத் துண்டு இருக்கிறது. கணினி கண் விழித்ததும் முதலில் எட்டிப் பார்க்கிற இடம் அதுதான். அதை இரண்டு பாகத்துக்கும் பொதுத் தடமாக விட்டோம். 'டி' டிரைவ் பொதுக்கிணறு, இருவரும் இறைத்துக்கொள்ளலாம். நிறுவும்போது ஓர் இடத்தில் மட்டும் எனக்கு உள்ளங்கை வியர்த்தது. விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவு என்று ஒரு வரி, அதற்கு அடுத்தே டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவு என்று இன்னொரு வரி. இரண்டும் ஒரே அளவு எழுத்து, ஒரே மாதிரி வட்டம். தானப் பத்திரத்தையும் விற்பனைப் பத்திரத்தையும் ஒரே உறையில் போட்டு வைத்தது போல இருந்தது. மூன்று முறை படித்து, பையனையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, அதற்குப் பிறகே அழுத்தினேன்.

பொதுக்கிணறு என்றால் தகராறு இல்லாமல் இருக்குமா? நிலம் அளந்து முடித்ததும் பையன் அந்த உறக்கநிலையைப் பழையபடி போட்டுவிட்டான். விண்டோஸை மூடினால் அது முழுதாக மூடிக்கொள்வதில்லையாம். மறுநாள் சீக்கிரம் எழ வேண்டும் என்று அரைத்தூக்கத்தில் படுத்துக்கொள்கிறது. அப்போது 'டி' டிரைவ் இன்னும் அதன் கைவசம் இருப்பதாகக் கணக்கு. லினக்ஸ் போய்ப் படிக்கலாம், எழுத முடியாது. உன் பெரியப்பா மோட்டார் கொட்டகையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு தர்மபுரி போய்விடுவாரே, அதே கதைதான். விரைவுத் தொடக்கம் என்பதை நிறுத்தியதும் சரியாகிவிட்டது. பெரியப்பாவுக்கு அப்படி ஒரு பொத்தான் இல்லை.

இப்போது கணினியைப் போட்டதும் இரண்டு பெயரும் திரையில் வருகின்றன. பத்து வினாடிக்குள் எதையும் அழுத்தாவிட்டால் தானாக லினக்ஸ் திறந்துகொள்ளும். உன் அம்மாவுக்கு இதில் எதுவும் தெரியாது. பட்டனைத் தட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவாள், எது வருகிறதோ அதில் கோல வீடியோ பார்ப்பாள். அந்தக் கணக்கில் இந்த வீட்டில் அதிகம் லினக்ஸ் பயன்படுத்துகிறவள் அவள்தான். பாட்டுச் சத்தம் முன்பைவிட நன்றாக இருக்கிறது என்கிறாள். ஸ்பீக்கர் அதேதான், நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு விஷயம் உனக்கென்றே வைத்திருந்தேன். நிறுவிய மறுநாள் மாலை ஏழு மணிக்கு விண்டோஸைத் திறந்தால் மூலையில் பகல் 1:30 என்கிறது. நேரத்தைத் திருத்தினேன். லினக்ஸுக்குப் போய்த் திரும்பினால் மறுபடியும் ஐந்தரை மணி பின்தங்கிவிட்டது. பேட்டரி போய்விட்டது என்று நினைத்தேன். பையன்தான் விளக்கினான். பெட்டிக்குள் ஒரே ஒரு கடிகாரம்தான் இருக்கிறது. விண்டோஸ் அதில் இந்திய நேரத்தை எழுதி வைக்கும். லினக்ஸ் கிரீன்விச் நேரத்தை எழுதிவிட்டு, காட்டும்போது ஐந்தரையைக் கூட்டிக்கொள்ளும். இது எழுதியதை அது அப்படியே படித்தால் கிரீன்விச் நேரம் தெரியாமல் வேறு என்ன தெரியும்? இந்தக் குளிர்காலத்தில் அது உன் ஊர் நேரம். சரிசெய்யும் வழி தெரிந்த பிறகும் நான்கைந்து நாள் அப்படியே விட்டுவைத்தேன். பேத்தி பள்ளிக்குக் கிளம்பியிருப்பாள், நீ ஆபீசில் சாப்பிட உட்கார்ந்திருப்பாய் என்று விரல் விட்டு எண்ணாமலே தெரிந்தது. மார்ச் கடைசி ஞாயிறு நீங்கள் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவிடுவீர்கள், அப்போது எப்படியும் இது பொய்த்திருக்கும்.

அதற்கு முன்பே மாற்ற வேண்டி வந்தது. மார்கழியில் கோயில் ஒலிபெருக்கிக்கு நான்கரைக்கே விழிப்பு வந்துவிடுகிறது. அப்படி ஒரு நாள் எழுந்து, ஓசூருக்கு முதல் பஸ் பிடிக்கவேண்டிய ஒருவருக்கு விடுதலைப் பத்திரம் அடித்தேன். தேதி தானாக விழும்படி மாதிரியை அமைத்திருக்கிறேன். வெள்ளைத் தாளில் எடுத்துப் படித்தால் முதல் வரியிலேயே நேற்றைய தேதி! பெட்டிக்கு அப்போது முந்தின நாள் இரவு பதினொன்றேகால். முத்திரைத்தாளில் நேரே அச்சிட்டிருந்தால் தாள் வீணாகியிருக்கும். அன்றைக்கே கட்டளை அடிக்கிற கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்து, லினக்ஸும் ஊர் நேரத்தையே எழுதும்படி செய்துவிட்டேன்.

ஆகாததையும் சொல்கிறேன். நம் லேசர் பிரிண்டர் லினக்ஸில் மசியவே இல்லை. பையன் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை அதிலேயே தொலைத்தான். லினக்ஸில் பத்திரம் அடிக்க உதவும் லிப்ரே ஆபீஸ் மென்பொருளில் என் பழைய பத்திரங்கள் திறக்கின்றன. முதலில் எழுத்தெல்லாம் கிறுக்கலாக வந்தது, பழைய எழுத்துருக்களைப் படி எடுத்துப் போட்டதும் தமிழாகிவிட்டது. ஆனால் முதல் பக்கத்தில் முத்திரைக்காக மேலே விடும் இடம் விரற்கடை அளவு ஏறிவிடுகிறது. "இந்த விடுதலைப் பத்திரம்" என்ற முதல் வரி போய் முத்திரையின் மேல் உட்காருகிறது. சார்பதிவாளர் பார்த்தால் தூக்கி எறிவார். அதனால் பத்திர வேலையும் அச்சும் விண்டோஸ் பாகத்தில்தான், அதற்கு இணையம் கிடையாது. வங்கி, பதிவுத்துறை இணையதளம், உன் அம்மாவின் கோலம் எல்லாம் லினக்ஸ் பாகத்தில். விண்டோஸை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று நீ கேட்பாய், புதிதை ஏன் கொண்டுவந்தீர்கள் என்று கடைக்காரர் கேட்பார். இருவருக்கும் இதுதான் பதில்.

நாற்பதாயிரம் வேண்டாம். மனம் கேட்காவிட்டால் இங்கே வரும்போது 4 ஜிபி டிடிஆர்4 நினைவகம் ஒன்றும், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றும் வாங்கிக் கொடு. திறப்பதற்கு இன்னும் ஒன்றரை நிமிடம் ஆகிறது. அது டிஸ்க்கின் வயது. பிரிண்டர் விவகாரத்தை மாப்பிள்ளையிடம் சொல்லிப் பார், அவர் ஆபீசில் லினக்ஸ்தான் என்று ஒருமுறை சொன்னதாக ஞாபகம்.

அவரைக்காய் இந்த வருடம் நன்றாகப் பிடித்திருக்கிறது. உன் அம்மா வற்றல் போட்டு உனக்கென்று தனியே எடுத்து வைத்திருக்கிறாள். அடுத்த ஞாயிறு போனில் வேண்டாம், கணினியிலேயே கூப்பிடு. இங்கே மாலை ஆறு, உனக்குப் பகல் பன்னிரண்டரை. பேத்தியைத் தூங்கவைத்துவிடாதே.

அன்புடன்,
அப்பா

பி.கு.: பாகம் பிரித்த விவரத்தை, எந்தத் துண்டு எத்தனை ஜிபி, எது பொது என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கிறேன். பையன் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறான்.