ஜெர்சியைப் பார்க்கிற கண்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. கோபித்துக்கொள்ளாதே. உன் தங்கச்சி பன்னிரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தாள். இப்போது எழுந்து நடமாடுகிறாள், என்னைத் திட்டவும் ஆரம்பித்துவிட்டாள். அதனால் பயப்படாதே.

ஐப்பசி மழைக்குப் பிறகு ஏரிக்கரையில் புல் இடுப்பளவு வளர்ந்து நின்றது. நம் ஜெர்சிக்குப் புல் அறுக்க அவள்தான் தினமும் போவாள். ஒருநாள் திடீரென்று குளிர்காய்ச்சல், மண்டையைப் பிளக்கிற தலைவலி. பக்கத்து ஊர் டாக்டர் வைரஸ் காய்ச்சல் என்று ஊசி போட்டு அனுப்பினார். டெங்குவுக்கு ரத்தம் பார்த்தோம், இல்லை என்று வந்தது. ஆறாம் நாள் மூச்சு வாங்கவும், வேன் பிடித்து வேலூருக்குக் கொண்டுபோனேன்.

அங்கே ஒரு சின்னப் பெண் டாக்டர். நம் பிள்ளைகள் வயதுகூட இருக்காது. திரையை இழுத்துவிட்டு, நர்ஸைத் துணைக்கு வைத்துக்கொண்டு காதுமடல், கழுத்து, அக்குள் என்று ஒவ்வோர் இடமாகத் தேடியிருக்கிறாள். பாவாடை நாடா இறுக்குகிற இடத்தில் அகப்பட்டது. என்னையும் கூப்பிட்டுக் காட்டினாள். பொட்டு அளவுக்குக் கருப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு வளையம், சிகரெட்டால் சுட்ட மாதிரி. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. உடம்புக்காரிக்கே தெரியவில்லை. உண்ணிக் காய்ச்சல், ஸ்க்ரப் டைபஸ் என்றாள். டாக்ஸிசைக்ளின் ஆரம்பித்த இரண்டாம் நாளே காய்ச்சல் இறங்கிவிட்டது.

மாட்டு உண்ணிதான் கடித்துவிட்டதோ என்று எனக்கு ஒரே உறுத்தல். அது இல்லையாம். இது கண்ணுக்கே தெரியாத பொடி உண்ணி, சிலந்தி வகையறா. வளர்ந்ததற்கு எட்டுக் கால், குஞ்சுக்கு ஆறுதான். அந்தக் குஞ்சுதான் கடிக்கும். எலி மேல் ஒட்டிப் பிழைப்பது, புல்லில் ஏறி உட்கார்ந்து நம் மேலும் தொற்றிக்கொள்ளும். கடித்துப் பத்து நாள் போல ஆன பிறகுதான் காய்ச்சல் வரும். அதற்குள் எந்தப் புதருக்குள் போனோம் என்பது யாருக்கு ஞாபகம் இருக்கும்?

எனக்கு வெட்கமாயிருப்பது வேறு விஷயம். போன வருஷம் ஜெர்சிக்குத் தோல் கழலை நோய் வந்ததே, முதல் கட்டியை நான் விடியற்காலையில் இருட்டிலேயே கண்டுபிடித்தேன். தினமும் கழுத்திலிருந்து மடி வரை கை ஓட்டிப் பார்க்கிற பழக்கம். வெற்றிலை பத்து, மிளகு, உப்பு, வெல்லம் சேர்த்து அரைத்து நாக்கில் தடவினேன். குப்பைமேனி, வேப்பிலை, மஞ்சள் போட்டு எண்ணெய் காய்ச்சிப் புண்ணுக்குப் பூசினேன். கடி ஈயும் கொசுவும் பரப்புகிற நோய் என்பதால் சாயந்திரம் கொட்டிலில் புகை மூட்டம். பொய்கைச் சந்தைப் பக்கமே ஓட்டிப் போகவில்லை. இத்தனையும் மாட்டுக்கு. கட்டினவள் ஆறு நாள் அனலாய்க் கொதித்தபோது மாத்திரையும் கஞ்சியும் கொடுத்ததோடு சரி.

அப்புறம், மகள் வீடு வயலுக்கு நடுவில் இருக்கிறது, பேரனுக்கு மூளைக்காய்ச்சல் வருமோ என்று கேட்டிருந்தாயே. இந்த ஜப்பானிய மூளைக்காய்ச்சலை இந்தியாவில் மனிதரிடம் முதலில் கண்டது நம் வேலூரில்தான், 1955ல். நெல் வயலில் தேங்கும் தண்ணீரில் பிறக்கிற கொசு அது, அந்தியில்தான் கிளம்பும். கிருமி கொக்கிலும் பன்றியிலும் பெருகி, கொசு வழியாக நமக்கு வரும். நம்மைக் கடித்த கொசு அதை இன்னொருவருக்குக் கொண்டுபோக முடியாது, அதற்கு வேண்டிய அளவு கிருமி நம் ரத்தத்தில் சேராது. மாட்டிடமும் அப்படித்தான். ஆனால் வந்துவிட்டால் பிழைத்தாலும் கை கால், மூளை பாதிக்கலாம். தடுப்பூசி இருக்கிறது. பேரனுக்குப் போட்டாயிற்றா என்று அட்டையை எடுத்துப் பார்க்கச் சொல். பொழுது சாய்ந்ததும் கொசுவலை போடட்டும்.

உன் தங்கச்சி இப்போது என் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டுதான் புல்லுக்குப் போகிறாள். வந்ததும் உடுப்பை வெந்நீரில் போட்டுவிட்டுக் குளிக்கிறாள். ராத்திரி டார்ச் அடித்து முதுகைப் பார்க்கப் போனால், "நான் என்ன ஜெர்சியா?" என்று சிரிக்கிறாள். பார்க்காமல் விடுவதில்லை.

ஜெர்சி தை மாதம் கன்று போடும். பொங்கலுக்கு வந்தாயானால் சீம்பால் கிடைத்தாலும் கிடைக்கும்.

அன்புடன்,
கோவிந்தன்
அணைக்கட்டு